ஓக் மரத்துக்குச் சிமென்ட் போர்த்தாதீர்கள்: திட்டமிடல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வட்டார மன்றத்தின் திட்டமிடல் குழு உறுப்பினர்களுக்கு,

கடந்த கூட்டத்தில் ஒரே வாக்கெடுப்பில் நான்கு வேலைகளுக்கு ஒப்புதல் தந்திருக்கிறீர்கள். ஓக் மரச்சட்டத்தால் ஆன ஒரு பழைய பண்ணைவீட்டின் வெளிச்சுவர்களுக்குச் சிமென்ட் பூச்சு. வீட்டுக் கூரையின் உட்புற மரங்களை மணல் வீசிச் சுத்தம் செய்து, ஓட்டுக்கு அடியில் நுரை தெளிப்பது. கதிரடிக்கும் கொட்டகையை மூன்று வீடுகளாகப் பிரிப்பது. தானியக் களஞ்சியத்தையும் வண்டிக் கொட்டகையையும் இடிப்பது. நான்கையும் எதிர்த்தே இதை எழுதுகிறோம். வீடு தனி, கொட்டகை தனி, களஞ்சியம் தனி என்று உங்கள் அறிக்கை பிரித்துப் பார்த்ததுதான் இந்த நான்கு முடிவுகளுக்கும் வேர்.

பழைய மரச்சட்டக் கட்டடங்களிலும் சுண்ணாம்பு வேலையிலும் தொழில் செய்கிறவர்கள் நாங்கள். இம்மடலின் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகத்துக்கு வந்துசேரும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், தென்கிழக்கு இங்கிலாந்தில் பழைய வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் கட்டட வேலையில் உள்ள தமிழரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது. சிமென்ட் பூசச் சொல்லும் ஒப்பந்தக்காரர் அவர்கள் வாசலுக்கும் வருவார்.

முதலில் வீடு. அது வீல்டன் ஹால் ஹவுஸ் வகை. கென்ட், சசெக்ஸ், சர்ரே மூன்றிலும் பரந்த வீல்ட் நிலப்பரப்பில், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை வசதியான உழவர்கள் கட்டிக்கொண்ட வீடு. நடுவில் தரையிலிருந்து முகடுவரை திறந்த கூடம். இருபக்கமும் மாடி உள்ள பகுதிகள். அவற்றின் மாடி முன்னால் தள்ளி நிற்கும், கூடம் உள்வாங்கி நிற்கும், மூன்றையும் ஒரே கூரை மூடும். கூடத்தின் ஒரு முனையில் குறுக்கு நடையும் அதையடுத்துப் பானமும் உணவும் வைக்கும் இரண்டு அறைகளும். மறுமுனையில் வீட்டுக்காரரின் தனியறை. புகைபோக்கி கிடையாது. கூடத்தின் தரையில் எரிந்த நெருப்பின் புகை மேலே போய்க் கூரை வழியே கசிந்து வெளியேறியது. 16ஆம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கி எழுப்பி, கூடத்துக்கு இடையில் தளம் போடும் வழக்கம் வந்தது. நீங்கள் முடிவு செய்த வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. அதனால்தான் தெருவிலிருந்து பார்க்கும்போது அது ஒரு சாதாரண மாடிவீடாகத் தெரிகிறது.

போ பீச் நீர்த்தேக்கத்துக்காக இதே வகை வீடான பேலீஃபை 1960களின் இறுதியில் கென்டின் சிடிங்ஸ்டோனில் ஒவ்வொரு மரமாகக் கழற்றி, சசெக்ஸின் சிங்கிள்டனில் உள்ள வீல்ட் அண்ட் டவுன்லாண்ட் அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்தினார்கள். 1896இல் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) விலைக்கு வாங்கிய முதல் கட்டடமான அல்ஃப்ரிஸ்டன் கிளர்ஜி ஹவுஸும் இந்த வகைதான். கொடுத்த விலை 10 பவுண்டு. உங்கள் எல்லைக்குள் இருப்பதோ, தன் முற்றத்தோடும் கொட்டகைகளோடும் கட்டிய இடத்திலேயே நிற்கிறது.

இப்போது அந்தக் கூரைக்குள் போவோம். கூடத்தின் குறுக்கே கிடக்கும் பெரிய குறுக்கு உத்தரத்தின் நடுவில் ஒரு குட்டைத் தூண் நிற்கிறது. கிரவுன் போஸ்ட் என்பார்கள். அதிலிருந்து நாலாபக்கமும் வளைந்த தாங்குகட்டைகள் பிரிந்து, நெடுக்காக ஓடும் விட்டத்தைப் பிடிக்கின்றன. அந்த விட்டத்தின் மேல்தான் ஒவ்வொரு சோடிக் கைமரத்தையும் இணைக்கும் குறுக்குக்கட்டை உட்கார்ந்திருக்கிறது. இந்த மரங்கள் முழுக்கக் கருத்திருக்கின்றன. "அழுக்கும் பழைய தீச்சேதமும்" என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. தீச்சேதம் என்றால் மரம் கரியாகி விளிம்புகள் மழுங்கியிருக்க வேண்டும். இங்கே விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றன. கருமை வெறும் படலமாக, கூடத்துக்கு மேலுள்ள கைமரங்களில் மட்டும் இருக்கிறது. இரு முனை அறைகளின் மேல் இல்லை. திறந்த அடுப்பின் புகைக்கரி அது. அந்த வீடு முதலில் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வீட்டில் வேறெங்கும் கிடையாது.

மணல் வீசினால் கரி மட்டும் போகாது. தச்சர் சட்டங்களைத் தரையில் பொருத்திப் பார்த்து, பின்னர் மேலே ஏற்றுவதற்காகச் செதுக்கிய ரோமன் எண் குறிகள் போகும். கோடரியும் வாளும் விட்ட தடங்கள் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டைக்கு அடுத்துள்ள வெளிர்நிற மரமான வெளிவெள்ளை போகும். ஓக் மரத்தின் வளையங்களை எண்ணிக் காலம் கணிப்பவர்களுக்குப் பட்டையை ஒட்டிய கடைசி வளையம் தேவை. அது இருந்தால் மரத்தை வெட்டிய ஆண்டையே சொல்ல முடியும். அக்காலத்தில் ஓக்கைப் பச்சையாகவே இழைத்துக் கட்டியதால், வெட்டிய ஆண்டு பெரும்பாலும் கட்டிய ஆண்டுக்கு மிக அருகில் வரும். வெளிவெள்ளை மென்மையானது, மணல் முதலில் தின்பது அதைத்தான். அது போய்விட்டால் "இந்த ஆண்டுக்குப் பிறகு எப்போதோ" என்பதற்குமேல் எவராலும் சொல்ல முடியாது. மென்மையான தூரிகையும் உறிஞ்சு கருவியும் போதுமான இடத்தில் மணலை அனுமதித்திருக்கிறீர்கள்.

நுரையும் அப்படித்தான். கைவினைக் களிமண் ஓடு இரண்டு பக்கமும் சற்று வளைந்திருக்கும். ஓடுகளுக்கு இடையே காற்று ஓடித்தான் ரீப்பரும் மரமுளைகளும் உலர்கின்றன. அடியில் நுரை தெளித்தால் ஓடும் ரீப்பரும் கைமரமும் ஒட்டிப் போகும், காற்று நிற்கும், ஒழுகல் எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது. பிறகு ஓடுகளைத் திரும்பப் பயன்படுத்தவும் வழியில்லை. நுரை தெளித்த கூரை உள்ள வீட்டுக்குப் பல வங்கிகள் கடன் தருவதில்லை என்பதையாவது உரிமையாளரிடம் யாரேனும் சொல்லியிருக்க வேண்டும். கதகதப்பு வேண்டுமென்றால் கூரைக்கு உள்ளே இருக்கும் தளத்தின் மேல் ஆட்டு ரோமத்தாலான விரிப்பைப் போட்டு, கூரையின் அடிவிளிம்பில் காற்றுவழியைத் திறந்தே வைக்கலாம்.

சிமென்ட் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த நான்கில் வீட்டையே கொல்லக்கூடியது அதுதான்.

ஓக் சட்டம் அசையும். வெயிலிலும் மழையிலும் விரிந்து சுருங்கும். காற்றில் சற்றே சாயும். கழுந்தும் துளையும் மரமுளையுமாகச் சேர்ந்த மூட்டுகள் அந்த அசைவைத் தாங்கிக்கொள்ளும்படி செய்தவை. சட்டங்களுக்கு இடையே உள்ள அடைப்பும் அப்படித்தான். மேல்மரத்தின் அடியில் துளையிட்டு, கீழ்மரத்தில் பள்ளம் வெட்டி, ஓக் குச்சிகளைச் செருகி, அவற்றுக்கு நடுவே ஹேசல் மிலாறுகளைப் பின்னி, களிமண்ணும் நறுக்கிய வைக்கோலும் சாணமும் குழைத்து இருபுறமும் ஒரே நேரத்தில் அப்பி, மேலே ரோமம் கலந்த சுண்ணாம்புப் பூச்சு. மழையில் இதில் கொஞ்சம் ஈரம் ஏறும். மழை விட்டதும் வெளியேறும். ஓக்கின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை பிடிக்காது. அதனால்தான் அந்த வீடு நிற்கிறது.

சிமென்ட் பூச்சு அசையாது. முதல் குளிர்காலத்திலேயே மரமும் பூச்சும் சந்திக்கும் இடத்தில் மயிரிழை வெடிப்பு விழும். அதன்வழி மழைநீர் உள்ளே இழுபடும். ஆனால் சிமென்ட் ஊடாக அது ஆவியாக முடியாது. நீர் கீழே இறங்கி, தூண்கள் எல்லாம் ஊன்றி நிற்கும் அடிஉத்தரத்தில் தேங்கும். வெளியே சுவர் வெள்ளையாக, ஒழுங்காகத் தெரியும். உள்ளே அடிஉத்தரம் இற்றுக்கொண்டிருக்கும். இற்ற ஈர ஓக்கைத்தான் மரம் துளைக்கும் டெத்வாட்ச் வண்டு தேடி வரும். உலர்ந்த நல்ல ஓக்கில் அது பெருகுவதில்லை. வண்டுக்கு மருந்தடித்துவிட்டு ஈரத்தை விட்டுவைப்பது பணத்தை வீணாக்குவது. அடிஉத்தரம் போனால் அதன்மேல் நிற்கும் தூண்கள் இறங்கும். தூண் இறங்கினால் மேல்மூட்டுகளில் முளைகள் முறியும். பூச்சைத் தட்டும் நாளில் உத்தரம் இருந்த இடத்தில் மரத்தூள் கொட்டுவதைத்தான் இத்தகைய வேலைகளில் நாங்கள் பார்க்கிறோம்.

மரச்சட்டத்துக்குக் கீழுள்ள செங்கல் அடிச்சுவரின் இணைப்புகளைச் சிமென்டால் அடைக்கவும் (பாயிண்டிங்) அதே ஆவணத்தில் அனுமதி இருக்கிறது. பழைய செங்கல் மென்மையானது. இணைப்புச் சாந்து அதைவிட மென்மையாக இருந்தால் ஈரமும் உப்பும் சாந்து வழியாக வெளியேறும். சாந்து தேய்ந்தால் புதிதாக வைத்துக்கொள்ளலாம். சாந்து கெட்டியானால் ஈரம் செங்கல் வழியாக வெளியேறும், உறைபனியில் செங்கல்லின் முகமே தட்டுத்தட்டாக உரியும். அப்படி உரிந்த செங்கல்லுக்கு மாற்றுவழி கிடையாது. சுவரில் மருந்து ஊசி போட்டு ஈரத்தைத் தடுப்பதாகச் சொல்லும் பத்தியையும் நீக்கச் சொல்லுங்கள். அந்தச் சுவரின் ஈரத்துக்குக் காரணம் வெளியே தெரிகிறது: பல தலைமுறையாக உயர்ந்துவிட்ட தரைமட்டமும், சுவரை ஒட்டிப் போட்ட கான்கிரீட் நடைபாதையும்.

செய்ய வேண்டிய வேலையின் வரிசை வேறு. முதலில் நடைபாதையை உடைத்தெடுத்து, வெளித்தரையை அடிஉத்தரத்துக்குக் குறைந்தது 150 மி.மீ. கீழே இறக்கி, சரளைக்கல் வடிகால் போட வேண்டும். மழைநீர்க் குழாய்களைச் சரிசெய்ய வேண்டும். ஒரு கோடை முழுவதும் சுவரை உலர விட வேண்டும். பிறகு உத்தரத்தைத் துளைத்துச் சோதித்து, இற்ற பகுதியை மட்டும் நல்ல மரம் வரும்வரை வெட்டி, புதிய ஓக்கைச் சாய்வு இணைப்பில் பொருத்த வேண்டும்; இணைப்பின் நீளம் உத்தரத்தின் உயரத்தைப்போல இரண்டு, மூன்று மடங்காவது இருக்க வேண்டும். முளைகள் அறுத்தவையாக இல்லாமல், இழையோடு பிளந்த உலர்ந்த ஓக்காக இருக்க வேண்டும். கழுந்தின் துளையை அதன் தோளை, அதாவது கழுந்து தொடங்கும் இடத்தை, நோக்கி 2 அல்லது 3 மி.மீ. தள்ளி இட்டால் முளை உள்ளே போகும்போதே மூட்டை இறுக்கும். போல்ட் தேவைப்பட்டால் துருப்பிடிக்காத எஃகு மட்டும். ஓக்கின் துவர்ப்பு அமிலம் சாதாரண இரும்பை அரித்துவிடும். பூச்சு, ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு மூன்று பங்கு கூர்மணல், முதல் இரண்டு படைகளுக்கு ஆட்டு ரோமம் சேர்த்து, ஒவ்வொரு படையும் 10 மி.மீ.க்கு மிகாமல். ஈரச்சாக்கு தொங்கவிட்டு மெதுவாக உலர்த்த வேண்டும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் காலத்தில் தொடவே கூடாது. மேலே நான்கைந்து முறை சுண்ணாம்பு வெள்ளை. விண்ணப்பத்தில் வேலை நவம்பரில் தொடங்கும் என்றிருக்கிறது. நவம்பரில் வெளியே சுண்ணாம்பு வேலை செய்ய முடியாது.

அடுத்தது கொட்டகை. ஐந்து கண்கள் (தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்) கொண்ட பக்கச்சிறகுக் கொட்டகை அது. உள்ளே இரண்டு வரிசைத் தூண்கள். அவற்றுக்கு வெளியே இருபுறமும் தாழ்ந்த சிறகுகள். வெளிச்சுவரில் தார் பூசிய பலகை. எசெக்ஸின் கிரெசிங் டெம்பிளில் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த இரண்டு கொட்டகைகளும், 1426–27இல் ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் எழுந்த 58 மீட்டர் நீளக் கொட்டகையும் இதே முறையில் நிற்பவை. நடுக்கண்ணின் இருபுறமும் உயர்ந்த கதவுகள் இருப்பது அலங்காரத்துக்காக அல்ல. கதிர் ஏற்றிய வண்டி ஒருபுறம் நுழைய வேண்டும்; இரு கதவுகளையும் திறந்தால் ஓடும் காற்றில் களத்தில் தூற்ற வேண்டும். பக்கத்துக் கண்களில் ஒருபுறம் அடிக்காத கதிரும் மறுபுறம் வைக்கோலும் அடுக்கினார்கள்.

நீங்கள் ஒப்புக்கொண்ட வரைபடத்தில் இந்தக் கொட்டகைக்கு நடுவே இடைத்தளம் வருகிறது. தளம் வந்தவுடன் குறுக்கு உத்தரங்கள் மாடியில் நடப்பவரின் நெஞ்சுக்கு நேரே கிடக்கின்றன. ஆகவே வாசல் வைப்பதற்காக இரண்டு உத்தரங்களை வெட்டுவதாக வரைபடம் காட்டுகிறது. இதை ஒரு கட்டடப் பொறியாளர் பார்த்தாரா? தூணின் தலை மேலே தடித்திருப்பது, அங்கே தூணும் நெடுக்கு விட்டமும் குறுக்கு உத்தரமும் ஒரே மூட்டில் பூட்டிக்கொள்வதற்காக. கைமரங்கள் இரு விட்டங்களையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன; அவற்றை உள்ளே இழுத்துப் பிடிப்பது குறுக்கு உத்தரம். களிமண் ஓட்டுக் கூரை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 70 கிலோ. உத்தரத்தை அறுத்தால் விட்டங்கள் விலகும், முகடு தொய்யும், ஓடுகள் சரியும். பிறகு எஃகுச் சட்டம் உள்ளே வரும். ஓக் வெறும் ஒப்பனையாகத் தொங்கும்.

கொட்டகையை வீடாக மாற்றவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மூன்று வீடு கூடாது, ஒன்று போதும். நடுக்கண்ணை முகடுவரை திறந்தே விட்டு, உயர்ந்த கதவுகளின் இடத்தில் உள்தள்ளிய கண்ணாடி வைத்து வெளிச்சம் வாங்கலாம். குளியலறையும் சமையலறையும் தாழ்ந்த சிறகுகளில் அடங்கும். படுக்கையறைக்கு முனைக்கண்ணில் சட்டத்தைத் தொடாமல் தனியாக நிற்கும் ஒரு பெட்டி போதும். பின்னொரு நாள் கழற்றிவிடலாம். கூரையில் நீங்கள் அனுமதித்த பன்னிரண்டு சாளரங்களுக்கு வேலையே இராது. வௌவால் ஆய்வு ஜனவரியில் டார்ச் அடித்துப் பார்த்ததோடு முடிந்திருக்கிறது. அவை வெளிவருவதை மே முதல் செப்டம்பர்வரை அந்தியில் நின்று பார்க்க வேண்டும். கூகையின் துவாரத்தையும் அடைப்பதாக வரைபடம் சொல்கிறது. கூகை 1981 வனவுயிர் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை.

இனி இடிப்பு. வீடு, சட்டப் பாதுகாப்புள்ள பழங்கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது; களஞ்சியமும் வண்டிக் கொட்டகையும் அந்தப் பட்டியல் குறிப்பில் இல்லை, ஆகவே பாதுகாப்பில்லை என்கிறது அறிக்கை. பழைய பட்டியல் குறிப்புகள் கட்டடத்தை அடையாளம் காட்ட எழுதிய சில வரிகள். சொல்லாமல் விட்டது எதுவும் மதிப்பற்றது என்று அதற்குப் பொருளில்லை. பட்டியல் கட்டடங்கள் பற்றிய 1990 சட்டத்தின் 1(5) பிரிவைப் பாருங்கள். பட்டியலிட்ட கட்டடத்தின் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கும் கட்டடங்கள் அதன் பகுதியாகவே கொள்ளப்படும். வளாகம் எது என்று முடிவு செய்ய கால்டர்டேல் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்றைக் கேட்கச் சொன்னது: கட்டடங்களின் அமைப்பு, அன்றும் இன்றும் உள்ள உரிமை, அன்றும் இன்றும் உள்ள பயன்பாடு. இந்த மூன்றில் ஒன்றைக்கூட அறிக்கை கேட்கவில்லை. ஒரே முற்றத்தைச் சுற்றி, ஒரே உரிமையில், ஒரே பண்ணையின் வேலைக்காக நின்றவை அவை.

களஞ்சியம் காளான் வடிவ ஸ்டாடில் கற்களின் மேல் நிற்கிறது. எலி கால்வழியே ஏறினாலும் தொப்பிக்கல்லின் அடியைக் கடக்க முடியாது. தரைக்கும் தளத்துக்கும் இடையே ஓடும் காற்று தானியத்தை உலர்வாக வைத்தது. அதன் தளம் இப்போது இற்றிருப்பது உண்மை. காரணம், யாரோ அந்த இடைவெளியைச் செங்கல் வைத்து அடைத்ததுதான். செங்கல்லை எடுத்துவிட்டு, தளக்கட்டைகளின் முனைகளைப் பழுதுபார்த்தால் களஞ்சியம் நிற்கும். வண்டிக் கொட்டகை வடக்குப் பார்த்துத் திறந்திருப்பது, வெயில் பட்டு வண்டிச் சக்கரங்கள் வெடிக்காமலிருக்க; மாட்டுக் கொட்டில் முற்றத்தில் தெற்குப் பார்த்திருப்பது, குளிர்கால வெயில் மாடுகளுக்குக் கிடைக்க. ஒன்றை எடுத்தாலும் மற்றவை நிற்கும் திசைக்கே காரணம் தெரியாமல் போகும். புதிய வீடுகளுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும் என்பதற்காக வண்டிக் கொட்டகையை இடிக்கிறீர்கள். கார்களை அதற்குள்ளேயே நிறுத்தலாம்.

உரிமையாளரின் செலவுச் சுமையை நாங்கள் மறுக்கவில்லை. பழுதுபார்த்தால் மதிப்புக் கூட்டு வரி 20 விழுக்காடு. கொட்டகையை வீடாக்கினால் அந்த வேலைக்கு 5 விழுக்காடு. பட்டியல் கட்டடங்களில் ஒப்புதல் பெற்ற மாற்றங்களுக்கு இருந்த வரிவிலக்கும் 2012 அக்டோபரில் போய்விட்டது. அது நீங்கள் வகுத்த வரியல்ல. ஆனால் இரண்டாம் தர (கிரேட் II) பட்டியல் கட்டடமான இந்த வீட்டுக்கு உங்களைத் தவிரக் காவல் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். பழஞ்சின்னங்களைக் கவனிக்கும் அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் அபாயப் பதிவேட்டில், வழிபாட்டிடங்கள் தவிர, லண்டனுக்கு வெளியே உள்ள இரண்டாம் தரக் கட்டடங்கள் இடம்பெறுவதில்லை. பட்டியலில் பத்தில் ஒன்பதுக்குமேல் இரண்டாம் தரம்தான். உங்கள் மேசையைக் கடந்துவிட்டால் இதைக் கேட்க ஆளில்லை.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை. வேலை தொடங்குமுன், திருத்திய விண்ணப்பம் தருமாறு உரிமையாளரை அழைத்துப் பேசுங்கள். அதற்கான முன்னாலோசனைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள். அவர் மறுத்தால், 1990 சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் ஒப்புதலை மாற்றவோ திரும்பப் பெறவோ உங்களுக்கு அதிகாரம் உண்டு. இழப்பீடு கோர அவருக்கு உரிமை உண்டு என்பதை அறிந்தே சொல்கிறோம்.

திருத்திய ஒப்புதலில் மணல் வீச்சு, நுரை, சிமென்ட், மருந்து ஊசி நான்கும் இருக்கக் கூடாது. கூரை மரங்களை அளந்து படமெடுத்து, வளையக் காலக்கணிப்பு முடிந்த பிறகே அங்கே யாரும் கை வைக்கலாம் என்று நிபந்தனை போடுங்கள். சுண்ணாம்புப் பூச்சுக்கு முன்கூட்டியே ஒரு சதுர மீட்டர் மாதிரி செய்துகாட்டி, உங்கள் பாதுகாப்பு அலுவலர் கையெழுத்திட வேண்டும். அது நல்லபடி காய்ந்து குளிர்காலம் கடக்கும்வரை மீதியைத் தொடக் கூடாது. எந்தக் குறுக்கு உத்தரத்தையும் வெட்ட அனுமதிக்காதீர்கள். பழைய மரச்சட்டத்தில் அனுபவமுள்ள பொறியாளரின் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

வளாகம் பற்றிய ஆய்வை எழுத்தில் வெளியிடுங்கள். அது வரும்வரை களஞ்சியத்தையும் வண்டிக் கொட்டகையையும் இடிப்பதற்கான அனுமதியை நிறுத்திவையுங்கள். இடிப்பு அடங்கிய விண்ணப்பம் என்பதால், 1877 முதல் இயங்கும் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்துக்கும் அதற்கிணையான மற்றத் தேசியச் சங்கங்களுக்கும் தகவல் போனதா, எந்த நாளில் போனது, என்ன பதில் வந்தது என்று தெரிவியுங்கள். இந்த விண்ணப்பம் பற்றி உங்கள் பாதுகாப்பு அலுவலர் எழுதிக் கொடுத்த ஆலோசனை பொதுக் கோப்பில் இல்லை. அதையும் வெளியிடுங்கள்.

வேலை நவம்பரில் தொடங்கவிருப்பதால், அதற்கு முந்திய கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தப் பண்ணையைச் சேர்த்து, எழுத்துமூலமான பதிலை அதற்கு முன்பே அனுப்பக் கேட்கிறோம். கூரையையும் அடிஉத்தரத்தையும் உறுப்பினர்கள் நேரில் பார்க்க வந்தால், உரிமையாளர் இசைந்தால், என்ன எங்கே இருக்கிறது என்று காட்ட எங்களில் இருவர் உடன்வருவோம்.

இப்படிக்கு,
மரச்சட்டத்திலும் சுண்ணாம்பிலும் வேலை செய்வோர்